ஆடுறதுக்கு லைசென்ஸ் வாங்கிட்டியா, பேராண்டி?

டான்ஸ்ஹால் பாட்டு பாடப் போறேன்னு வேலையை விட்டது ரொம்ப நல்ல காரியம், பேராண்டி. எலெக்ட்ரானிக் சிட்டியில ஏசிக்குள்ள உக்காந்துக்கிட்டு மாசம் பொறந்தா சம்பளம் வாங்குற பொழப்பு நம்ம வம்சத்துக்கே ஆகாது. எங்கப்பன், நான், உங்கப்பன்னு மூணு தலைமுறையும் ராயக்கோட்டையில தக்காளி போட்டுக் கடன்பட்டுத்தான் பேர் எடுத்தோம். நீ ஒருத்தன் மட்டும் கடன் இல்லாம நிமிந்து நடந்தா ஊர்ல நாலு பேரு நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க? இப்ப அந்தக் குறையும் தீந்துச்சு.

உங்கம்மாதான் சும்மா இருக்க மாட்டேங்குறா. "மாமா, நீங்க ஒரு நடை போய் புத்தி சொல்லிட்டு வாங்க, உங்க பேச்சுன்னா கேப்பான்"னு ஒரே அழுகை. என் பேச்சை நீ என்னைக்குடா கேட்டே? மூணாங் கிளாஸ்ல புளியமரத்துல ஏறாதேன்னேன், ஏறுனே, கையை ஒடிச்சுக்கிட்டே. இருந்தாலும் மருமக சொல்லைத் தட்ட முடியுமா? பாசஞ்சர் ரயிலேறி வந்துட்டேன்.

புத்தி சொல்றவனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே உன் தங்கச்சியைப் பக்கத்துல உக்கார வச்சு, இந்த டான்ஸ்ஹால்னா என்ன, அதுல பொழச்சவன் யாரு, கெட்டவன் யாருன்னு செல்லுல தேடிப் படிக்கச் சொன்னேன். அவ படிக்கப் படிக்க நான் வெத்தலை போட்டுக்கிட்டே கேட்டேன். உங்க பாட்டிக்கு ஒரே சந்தேகம், கிழவன் எந்த ஆட்டக்காரியைப் பத்தி விசாரிக்கிறான்னு. ஆக, இப்ப உன் தொழிலைப் பத்தி எனக்கு ஓரளவு தெரியும். உனக்கு எவ்வளவு தெரியும்னு போகப் போகப் பாப்போம்.

முதல்ல கூடத்துக்கு வருவோம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உன் சங்கதி அப்படி இல்ல, உனக்கு நெசமாவே கூடம் கோணல்தான். நீ ஆடிப் பாடப் போறேன்னு தேர்ந்தெடுத்திருக்கிற ஊரு எது? பெங்களூரு. கூடத்துக்குள்ள ஆள் ஆடுறதுன்னா போலீஸ் கமிஷனர்கிட்ட லைசென்ஸ் வாங்கணும்னு 2005-லயே உத்தரவு போட்ட ஊரு. லைவ் பேண்டு, டிஸ்கோ, கேபரே எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டிப் போட்டுட்டாங்க. ஓட்டல்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. கேஸு நடந்துச்சு, நடந்துச்சு, கடைசியில 2018 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு, உத்தரவு சரிதான்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் இந்திராநகர் பக்கம் எத்தனை கடையில கிடாரை உறையில போட்டு மூடி வச்சாங்கன்னு உனக்கே தெரிஞ்சிருக்கும். கட்டடம் கட்டி முடிச்சதுக்கு ஓ.சி.ங்கற சான்று இருக்கா, தீயணைப்புக்காரன் குடுத்த சீட்டு இருக்கான்னு ஒவ்வொண்ணா கேட்டா, பாதிக் கட்டடத்துக்குப் பிளானே இருக்காது. அப்படிப்பட்ட இடத்துல நீ டான்ஸ்ஹால் ராசாவா முடி சூட்டிக்கப் போறே. கடல் இல்லாத ஊர்ல கப்பல் கம்பெனிக்கு மேனேஜர் வேலைன்னா அதுக்கும் நம்ம வீட்டுப் பையன்தான் போவான்.

அதுக்காக மனசு விட்டுடாதே. உன் பாட்டு பொறந்த ஜமைக்காவுலயும் இதே பஞ்சாயத்துதான். அங்க 1997-ல இரைச்சல் தடுப்புச் சட்டம்னு ஒண்ணு கொண்டாந்தாங்க. வாரநாள்ல ராத்திரி 12 மணி, சனி ஞாயிறுன்னா 2 மணி, அதுக்கு மேல தெருவுல ஸ்பீக்கர் சத்தம் கேட்டா போலீஸ் வண்டி வந்துடும். அந்தப் பாட்டு ஆரம்பத்துலருந்தே தெருவோடது. பெரிய பெட்டி பெட்டியா ஸ்பீக்கரை லாரியில ஏத்திக்கிட்டு வந்து மைதானத்துல அடுக்கி வச்சு, ஒருத்தன் ரெக்கார்டு போடுவான், இன்னொருத்தன் மைக்கைப் பிடிச்சு அதுமேல பேசுவான். பேசப் பேச அது பாட்டாயிடும். பணக்காரன் கிளப்புக்குப் போவான், பஞ்சப்பட்டவன் இங்க வருவான். எழுபது எண்பதுகள்ல கிங்ஸ்டன் ஊருச் சந்துல நடந்தது இது. நம்ம ஊர்ல மாரியம்மன் கோயில் மைக்செட்டுக்காரனுக்கு மட்டும் மரியாதை குடுத்திருந்தா நாமளும் உலகத்துக்கு ஒரு சங்கீதம் குடுத்திருப்போம். நாம அவனை ஒயரைச் சரியா கட்டுடான்னு திட்டிக்கிட்டே இருந்துட்டோம்.

எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது என்ன தெரியுமா? ஒரே தாளம், ஒரே மெட்டு. அதுக்கு அவங்க "ரிட்டிம்"னு பேரு வச்சிருக்காங்க. அந்த ஒண்ணுமேல இருபது பேரு, முப்பது பேரு, ஆளாளுக்குத் தன் சங்கதியைப் பாடுவாங்களாம். நம்ம பக்கத்துக் கும்மி மாதிரி வச்சுக்கோயேன். மெட்டு ஊர்ச்சொத்து. பொம்பளைங்க ஒவ்வொருத்தியா தன் மாமியாரை, தன் நாத்தனாரை, தன் புருசனைப் பேர் சொல்லி இழுத்து விட்டுட்டுப் போவாங்க. மெட்டை யாரு போட்டாங்கன்னு எவளும் கேக்க மாட்டா. மாமியா யாருங்கறதுதான் கேள்வி. இதை மனசுல வச்சுக்கோ, அப்புறம் வருவேன்.

1985-ல ஒரு கூத்து நடந்திருக்கு. வெய்ன் ஸ்மித்துன்னு ஒரு பாட்டுக்கார இளவட்டம், பிரின்ஸ் ஜாமின்னு ஒரு ஸ்டூடியோக்காரரு. இவங்க கையில ஒரு சின்ன கேசியோ பொட்டி கிடைச்சிருக்கு, எம்டி-40ன்னு. பிள்ளைங்க வெளையாடுற அளவுக்கு இருக்கும். அதுல ஒரு பட்டனை அமுக்குனா தானா ஒரு தாளம் ஓடும். அதைக் கொஞ்சம் நிதானப்படுத்தி அதுமேல பாடிட்டாங்க. ஜமைக்காவே புரண்டு போச்சு. அதுவரைக்கும் டிரம்முக்கு ஒருத்தன், பேஸ் கிடாருக்கு ஒருத்தன்னு கூட்டம் கூட்டமா வாசிச்சது மாறி, எல்லாம் எந்திரத் தாளம்னு ஆயிடுச்சு. அந்தத் தாளத்தை அந்தப் பொட்டிக்குள்ள வச்சது யாருன்னு பாத்தா, ஜப்பான்ல கேசியோ கம்பெனியில புதுசா வேலைக்குச் சேந்திருந்த ஒகுடா ஹிரோகோன்னு ஒரு பொண்ணு. மாசச் சம்பளத்துக்கு வேலை பாத்தவ. நீ வேலையை விட்டுட்டு ஒரு ரிட்டிம் பண்ணப் பாக்குறே. அவ வேலையில இருந்துக்கிட்டே ஒரு நாட்டுக்கே ரிட்டிம் குடுத்துட்டா. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், மூஞ்சியத் தூக்காதே.

சரி, நீ செவுத்துல படம் ஒட்டி வச்சிருக்கியே அபாச்சி இண்டியன், அவன் கதைக்கு வருவோம். படம் ஒட்டுனவன் அவன் சரித்திரத்தைப் படிச்சியாடா? பொறந்த பேரு ஸ்டீவன் கபூர். 1967 மே மாசம் இங்கிலாந்துல பர்மிங்காம் ஊரு, ஹேண்ட்ஸ்வொர்த்துங்கற பேட்டையில பொறந்தவன். அப்பன் ஆத்தா பஞ்சாப்லருந்து பொழைக்கப் போனவங்க. அந்தப் பேட்டை எப்படின்னா, இந்தப் பக்கம் பஞ்சாபி வீடு, அந்தப் பக்கம் ஜமைக்காக்காரன் வீடு. ஒரு வீட்ல பங்க்ரா, அடுத்த வீட்ல ரெக்கே. ஸ்டீல் பல்ஸுன்னு ஒரு பெரிய ரெக்கே கூட்டமே அந்தப் பேட்டையிலருந்துதான் கிளம்புச்சு. இந்தப் பய ரெண்டு வீட்டுச் சத்தத்தையும் கேட்டு வளந்தான். நம்ம சிவாஜிநகர்ல ஒரு தெருவுல தமிழு, உருது, கன்னடம், இங்கிலீசு எல்லாம் கலந்து கேக்குமே, அங்க வளந்த பிள்ளைக்கு எந்த மொழியும் அந்நியமா தெரியாது பாரு, அதேதான். பாட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அவன் வெல்டிங் வேலை பாத்தவன். கையில தொழில் இருந்துச்சு. இதை நான் உனக்காகச் சொல்லலை, உங்கம்மாவுக்காகச் சொல்றேன்.

பேரு எங்கருந்து வந்துச்சுங்கறதுதான் வேடிக்கை. ஜமைக்காவுல சூப்பர் கேட்டுன்னு ஒரு பெரிய டான்ஸ்ஹால் பாட்டுக்காரன். அவனுக்கு "வைல்ட் அபாச்சி"ன்னு இன்னொரு பட்டம். அந்த சூப்பர் கேட்டோட ரத்தத்துல பாதி நம்ம நாட்டு ரத்தம். 1845-லருந்து வெள்ளைக்காரன் நம்ம சனங்களை ஒப்பந்தக் கூலியா கப்பல்ல ஏத்தி ஜமைக்காவுக்குக் கரும்பு வெட்டக் கொண்டு போனான். 1917 வரைக்கும் அது நடந்துச்சு. போனவங்க பேரப்பிள்ளைங்க அங்க பாட்டுக்காரங்களா ஆனாங்க. அவங்கள்ல ஒருத்தன் பட்டத்தை, பஞ்சாப்லருந்து இங்கிலாந்துக்குப் பஸ் ஓட்டவும் பவுண்டரியில வேகவும் போன சனத்தோட பிள்ளை ஒருத்தன் எடுத்து வச்சுக்கிட்டான். குரு பேர்ல பாதி, தன் சாதிசனத்தைச் சொல்ல "இண்டியன்"னு பாதி. நீயும் பேரு மாத்திக்கிட்டே. குலசாமி முனியப்பன் பேரை உனக்கு வச்சோம். முனியப்பனுக்குக் கிடா வெட்டித்தான் நீ பொறந்தே. இப்ப நோட்டீசுல என்னமோ போட்டிருக்கே, எனக்கு வாயில நுழையல. உங்க பாட்டி அதை ஏதோ பூச்சிமருந்துப் பேருன்னு நெனச்சு எடுத்துத் தனியா வச்சிட்டா.

1990-ல அவன் முதல் பாட்டைப் பண்ணான். எந்தக் கம்பெனியும் தேடி வரலை. பேரு கூட அச்சடிக்காத வெள்ளை லேபிள் ஒட்டி ரெக்கார்டு அடிச்சு வெளியில விட்டாங்க. என்ன ஆச்சு? ரெக்கே கேக்குறவனும் வாங்குனான், பங்க்ரா கேக்குறவனும் வாங்குனான். ரெண்டு பட்டியல்லயும் மேல ஏறிடுச்சு. அதுக்கு முன்னாடி அந்த ரெண்டு கூட்டமும் ஒரே கடையில நின்னு ஒரே தட்டை வாங்கியிருப்பாங்களாங்கறது சந்தேகந்தான். அப்புறம்தான் பெரிய கம்பெனி, பாப் மார்லியை வச்சிருந்த அதே ஐலண்ட் ரெக்கார்ட்ஸு, ஓடி வந்து ஒப்பந்தம் போட்டுச்சு. அடுத்தாப்ல கிங்ஸ்டனுக்கே போய்ப் பதிவு பண்ணிட்டு வந்தான். 1993-ல முதல் ஆல்பம். அந்த வருசம் மெர்க்குரி பரிசுக்குப் பேர் அடிபட்டவங்கள்ல இவனும் ஒருத்தன். பரிசு ஸ்வேடுன்னு ஒரு கோஷ்டிக்குப் போச்சு. பரவாயில்ல, பட்டியல்ல ஸ்டிங் பேரும் இருந்துச்சு, அவருக்கும்தான் கிடைக்கலை.

அந்த ஆல்பத்துல ஒரு பாட்டுதான் என்னைக் கட்டிப் போட்டுடுச்சு. அப்பன் ஆத்தா பாத்துக் கட்டி வைக்கிற கல்யாணத்தைப் பத்தின பாட்டு. உன் தங்கச்சி அர்த்தம் சொல்லச் சொல்ல நான் சிரிச்ச சிரிப்புல பொடி மூக்குல ஏறிடுச்சு. ஜமைக்காத் தாளத்துல, ஜமைக்காப் பேச்சுல, பய என்ன கேக்குறான்? கிங்ஸ்டன் அழகியையா? இல்ல. தங்க நகையா? இல்ல. ஜலந்தர்லருந்து பொண்ணு வேணுமாம்! வீட்டு வேலை தெரியணுமாம், மரியாதையா பேசணுமாம், நம்ம ஊருத் தரகர்கிட்டச் சொல்ற அதே பட்டியல். கடைசியில ஒரு சிக்கல் வச்சான் பாரு: ஏற்கெனவே ஒருத்தியோட பழக்கமிருக்கு, அவகிட்ட இதை எப்பச் சொல்றதுன்னு முழிக்கிறான். இந்தப் பாட்டு இங்கிலாந்துல முதல் இருபதுக்குள்ள ஏறுச்சு. வெள்ளைக்காரப் பிள்ளைங்கல்லாம் ஜலந்தர் பொண்ணுக்காக ஆடியிருக்காங்க. (உனக்கும் அப்படி ஏதாவது பழக்கம் இருந்தா இப்பவே என் காதுல போட்டு வை. ஏன்னு பின்னாடி தெரியும்.)

அதே வருசம் அதைவிடப் பெரிய பாட்டு ஒண்ணு வந்துச்சு, பூம் ஷாக்-அ-லாக்குன்னு. அஞ்சாவது இடம். அமெரிக்காவுல 1994-ல வந்த டம்ப் அண்ட் டம்பர் படத்துல அதைப் போட்டாங்க. நீ ராத்திரி ரெண்டு மணிக்கு அலற விட்டு, கீழ் வீட்டு ரெட்டி வந்து கதவைத் தட்டுனாரே, அந்தப் பாட்டுதான்.

அவனை நான் நேர்லயே, அதாவது திரையில நேர்லயே, பாத்தவன்டா. 1996 பொங்கலுக்கு லவ் பேர்ட்ஸ் வந்துச்சு. பி.வாசு படம், ரகுமான் இசை, மைசூர்க்காரப் பய பிரபுதேவாவும் நக்மாவும். ஓசூர்ல ஒரு தியேட்டர்ல பெஞ்சு டிக்கெட். "நோ ப்ராப்ளம்"னு ஒரு பாட்டு வந்துச்சு. பிரபுதேவா எலும்பில்லாம ஆடுறான், பக்கத்துல ஒருத்தன் கழுத்துல சங்கிலியும் தலையில குல்லாவுமா நின்னு வாய்க்குள்ளயே என்னமோ முணுமுணுக்கிறான். எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவன், "இவன் யாருண்ணா, நக்மாவுக்கு அண்ணனா?"ன்னான். "கடன்காரனா இருக்கும், வசூலுக்கு வந்திருப்பான்"னேன் நான். நம்ம சனம் கூலியா போன ஜமைக்காவோட தாளம், பர்மிங்காம் போய், மெட்ராஸ் வந்து, ஓசூர்ல நம்ம காதுல விழுந்திருக்கு. விழுந்தப்ப எனக்கு அது தெரியலை. நான் முறுக்கு தின்னுக்கிட்டிருந்தேன்.

அப்புறம் என்ன ஆச்சுன்னு கேளு. இதை நீ கேக்க மாட்டே, நானே சொல்றேன். 1995-ல ரெண்டாவது ஆல்பம். முதலாவது ஓடுன மாதிரி ஓடலை. பெரிய கம்பெனியோட உறவு அத்துப் போச்சு. உச்சியில நின்ன காலம்னு கணக்குப் பாத்தா, தக்காளிக்கு நல்ல வெலை கிடைக்கிற காலம் எவ்வளவோ அவ்வளவுதான். ஆனா பய கெட்டுப் போகலை. பாடிக்கிட்டேதான் இருந்தான், இன்னைக்கும் மேடை ஏறுறான். 2013-ல அதே ஹேண்ட்ஸ்வொர்த்துல, தான் பொறந்த பேட்டையிலயே, காலேஜு ஒண்ணோட சேந்து இளவட்டங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்குற பள்ளிக்கூடம் வச்சான். இந்தத் தொழில்ல அது சின்ன விஷயம் இல்ல. வைப்ஸ் கார்ட்டல்னு ஜமைக்காவுல பெரிய தலை, கொலைக் கேஸுல 2011-ல உள்ள போனான். 2024-ல லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ண பின்னாடிதான் வெளிய வந்தான். கிட்டத்தட்ட பதிமூணு வருசம்டா. நடுவுல ஜெயில்லருந்தே பாட்டு வந்துக்கிட்டிருந்துச்சுங்கறது வேற. உனக்குப் பரப்பன அக்ரஹாரம் ஜெயிலு பஸ்ஸுல அரை மணி நேரம்தான், எதுக்கும் சொல்லி வைக்கிறேன்.

பஞ்சாபிப் பையன் கதை போதும், நம்ம பொண்ணு கதை கேளு. மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ.ன்னு சொன்னா உலகத்துக்குத் தெரியும். 1975-ல லண்டன்ல பொறந்து, குழந்தையிலயே யாழ்ப்பாணம் போய், சண்டையில திரும்ப லண்டனுக்கே அகதியா வந்த தமிழ்ப் பொண்ணு. ரோலண்டு கம்பெனித் தாளப்பொட்டி ஒண்ணை இரவல் வாங்கி வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே பாட்டுக் கட்டுனவ. முத ஆல்பத்துக்கு அப்பன் பேரு, அருளர். ரெண்டாவதுக்கு ஆத்தா பேரு, கலா. அமெரிக்காக்காரன் 2006-ல விசா குடுக்கலை. சரி போடான்னு மெட்ராசுக்கு வந்து நம்ம உறுமிக்காரங்களை வச்சு அடிக்கச் சொல்லிப் பதிவு பண்ணா. ஜமைக்கா போய் அங்க தெருவுல ஆடுற பசங்களை வச்சுப் படம் பிடிச்சா. தளபதி படத்துல இளையராஜா போட்ட காட்டுக்குயிலு இருக்கே, அதுலருந்து ஒரு துண்டை எடுத்து அந்த 2007 ஆல்பத்தோட முதல் பாட்டுல வச்சா. உறுமி, ராஜா, ஜமைக்கா, லண்டன். எதையும் கழுவி வெளுக்கலை, அப்படியே கொண்டு போய் வச்சா.

அவ ஆத்தா சங்கதி ஒண்ணு இருக்கு. இங்கிலாந்துல இறங்கி, கிடைச்ச வேலைன்னு தையல் வேலைக்குப் போனாங்க. எதைத் தைச்சாங்க? ராணி குடுக்குற பதக்கங்களைக் கையாலயே தைக்கிற வேலை. ஆயிரக்கணக்குல தைச்சிருக்காங்க. 2019-ல மகளுக்கே எம்.பி.ஈ. பட்டம்னு அறிவிச்சாங்க. ஆத்தா தைச்ச வகைப் பதக்கம் மக சட்டையில வந்து உக்காந்துச்சு. சண்டைக்காரி, அமெரிக்காவுல பெரிய பந்தாட்ட மேடையில விரலைக் காட்டிக் கேஸு வாங்குனவ, ஆத்தாளுக்காக அந்தப் பதக்கத்தைப் போய் வாங்கிக்கிட்டா. உங்கம்மா என்ன தைக்கிறா தெரியுமா? உன் பழைய ஆபீஸ் சட்டைக்குப் பட்டன் தைச்சு மடிச்சு வச்சிருக்கா, என்னைக்காவது திரும்பப் போட்டுக்குவேன்னு.

இப்ப உன் பாட்டுக்கு வர்றேன். போட்டுக் காட்டுனியே காலையில, மூணு தடவை கேட்டேன். தாளம் பிரமாதம். குரலு நல்லா இருக்கு, அது உங்க பாட்டி வழி, ஒப்பாரி வச்சா நாலு ஊரு கேக்கும். ஆனா அதுல என்னடா பாடுறே? கிங்ஸ்டன்ல நடக்குறியாம். பாபிலோனை எரிக்கிறியாம். இடுப்புல துப்பாக்கி வச்சிருக்கியாம். நீ கடலையே மகாபலிபுரம் ஸ்கூல் டூர்லதான் பாத்தே, அன்னைக்கும் அலைக்குப் பயந்து வாத்தியார் காலைக் கட்டிக்கிட்டே. பி.டி.எம். லேஅவுட்ல ஒத்தை ரூம்ல, மெத்தையைச் செவுத்துல சாத்தி, மைக்குக்கு உன் சாக்ஸை மாட்டி, ஏப்ரல் புழுக்கத்துல சிவப்பு மஞ்சள் பச்சைக் கம்பளிக் குல்லா போட்டுக்கிட்டு கிங்ஸ்டன்ல நடக்குறேங்குறே. போன்ல யாராவது பேசுனா, என்ன சேதின்னு கேக்காம ஜமைக்காப் பேச்சுல "வாக்வான்"ங்குறே. உங்கப்பன் கூப்பிட்டாலும் வாக்வான்தான். அவன் பாவம், வான்கோழி வாங்கச் சொல்றியோன்னு என்கிட்டக் கேட்டான்.

பர்மிங்காம் பய ஜலந்தரை வெக்கமில்லாமக் கேட்டான்டா. யாழ்ப்பாணத்துப் பொண்ணு ஆத்தா பேரையே அட்டையில அடிச்சா. நீ மட்டும் ராயக்கோட்டைங்கற பேரு எங்கயாவது வந்துடுமோன்னு பயந்து சாகுறே. கும்மியில மெட்டு யாருதுன்னு கேக்க மாட்டாங்கன்னு சொன்னேனே, மாமியா யாருன்னுதானே கேப்பாங்க? உன் பாட்டுல மாமியாளே இல்லடா. வாடகைத் துப்பாக்கிதான் இருக்கு.

உனக்குப் பாட விஷயமா இல்ல? 2023 ஜூலையில கோலார் மண்டியில 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டுச்சே. தோட்டத்துல ராத்திரி தக்காளிக்குக் காவல் படுத்தாங்களே. அந்த வருசம் நாம என்ன போட்டிருந்தோம்? முள்ளங்கி. முந்துன வருசம் வெலை இல்லாம டிராக்டரோட ரோட்டுல கொட்டிட்டு வந்து, இனிமே தக்காளியே வேண்டாம்னு உங்கப்பன் சபதம் போட்டான். போட்டு முடிச்சதும் வெலை ஏறுச்சு. அன்னைக்கு அவன் மண்டியில நின்னு பாத்த பார்வை இருக்கே, அதுக்கு ஒரு ரிட்டிம் போடுடா. ராயக்கோட்டைச் சந்தையில தமிழு, தெலுங்கு, கன்னடம் மூணுலயும் ஒரே மூச்சுல ஏலம் கூவுவாங்களே, அவனுங்க வேகத்துக்கு எந்த ஜமைக்காக்காரன் வாயி ஈடு குடுக்கும்? துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு வெலை பேசுறது, தரகுக்கு எட்டு ரூபாயா பத்து ரூபாயான்னு சண்டை, பெட்டி காலியாகிறதுக்குள்ள கமிஷன் கணக்கு முடியறது, இதெல்லாம் உன் காதுல விழுந்து வளந்ததுதானே? சில்க் போர்டு சிக்னல்ல நீ நின்ன நேரத்தை மட்டும் பாடுனாலே ரெண்டு ஆல்பம் வரும். பஸ் கண்டக்டர்கிட்டச் சில்லறைக்குக் கன்னடத்துல சண்டை போடுறே, அதுல இருக்குற தாளம் உன் பாட்டுல எங்கயும் இல்ல.

சும்மா குத்தம் சொல்லிட்டுப் போறவன் இல்ல நான். உனக்கு ஒரு மேடை பேசி வச்சிருக்கேன். நம்ம மாரியம்மன் திருவிழாவுல, கரகாட்டத்துக்கு முன்னாடி அரை மணி நேரம். லைசென்ஸு, ஓ.சி. ஒண்ணும் வேண்டாம், தர்மகர்த்தா என் சோட்டாளு. ஆனா சரியா பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்திடணும், ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கோம். அங்க துப்பாக்கிப் பாட்டெல்லாம் எடுபடாது. முன்வரிசையில இருக்குற கிழவிங்க நெசத் துப்பாக்கிக்கே பயப்படாதவங்க. சம்பளம் கிடையாது, பூசைச் சுண்டல் உண்டு. பிடிச்சுப் போச்சுன்னா சட்டையில பத்து ரூபா குத்துவாங்க. அந்தப் பய வெள்ளை லேபிள்ல ஆரம்பிச்சான்ல, நீ சுண்டல்ல ஆரம்பி.

இன்னொரு விஷயம். வெள்ளிக்கிழமை மாரண்டஅள்ளியிலருந்து ஒரு குடும்பம் வருது. நல்ல குடும்பம், பொண்ணு பி.எஸ்சி. அக்ரி. நான் ஜலந்தர் வரைக்கும் அலையல, ரயில்ல கொஞ்ச தூரம் போய்ப் பாத்துட்டு வந்தேன். மாப்பிள்ளை என்ன வேலைன்னு கேட்டாங்க. பெங்களூருல சவுண்டு இன்ஜினியர்னு சொல்லிட்டேன். பொய் சொன்ன மாதிரியா இருக்கு? ரெட்டியைக் கேட்டா சவுண்டுக்கு அவரே சாட்சி சொல்லுவார். அவங்க வர்றதுக்குள்ள மைக்குலருந்து சாக்ஸைக் கழட்டித் துவைச்சுப் போடு, மெத்தையைக் கீழ இறக்கு, நாலு பேரு உக்காரணும். அந்தப் பொண்ணும் ஏதோ பாடுவாளாம், நான் இன்னும் விசாரிக்கலை.